மழை விழுங்கிய எண்

சுவரை அடைத்திருந்த பெரிய திரையில் மூன்றாம் நிலையத்தின் நீர்மட்டம் இரண்டு மீட்டர் பதினான்கு என்று நின்றது. சாப்பிடப் போகும்போது அவள் பார்த்த அளவும் அதுதான். கை கழுவித் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தபோதும் அதுவே. துண்டு கையில் இருக்க, இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பதினான்கு.

ஆற்றின் அளவைப் பதிவுசெய்யும் பணியில் அவளுக்கு இது பதினாறாம் ஆண்டு. ஓடும் நீர் ஒருபோதும் ஓரளவில் நிற்காது என்பதை அவள் கண் அறியும். கோடையில் கணுக்கால் நனைக்கும் ஓட்டமானாலும் அது ஒரு விரற்கடை ஏறும், அரை விரற்கடை இறங்கும். உறங்கும் குழவியின் மார்பைப்போல அதற்கும் ஓர் அசைவு உண்டு. பதினான்கு, பதின்மூன்று, மறுபடி பதினான்கு, பதினைந்து என்று கடைசி இலக்கம் தத்திக்கொண்டே இருக்கும். இன்று அது கல்லில் வெட்டினாற்போல் நின்றிருந்தது.

கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்தாறு. சன்னலுக்கு வெளியே வெயில் சுட்டெரித்தது. கிழக்கே மலை இருக்கும் திசையில் மட்டும் வானம் ஈயப் பாத்திரம்போல் மங்கியிருந்தது.

"குடை சார், மூணாம் நம்பர் கடைசியா எப்ப மாறுச்சு? பாத்தீங்களா?"

குடை என்பது அந்த அறையின் டெக்னீஷியனுக்கு ஊழியர்கள் சூட்டிய பெயர். மொட்டை வெயிலிலும் வளைந்த கைப்பிடியுள்ள கறுப்புக் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வருவார். வாழ்நாளெல்லாம் வானத்தைப் பார்த்து டிஷ் திருப்பியவன் வானத்தை நம்பமாட்டான் என்பது அவர் சொல்லும் காரணம்.

"மாறலேன்னா நல்லதுதானே மேடம்? மாறுனாத்தானே நமக்கு வம்பு" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடியே.

"இது ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு. அதான் பயமா இருக்கு."

அவள் உட்கார்ந்து, பெரிய திரைக்குப் போகாத உள்பக்கத்தைத் தன் கணினியில் திறந்தாள். மூன்றாம் நிலையத்திலிருந்து கடைசியாகச் செய்தி வந்தது ஒன்று இருபத்தேழுக்கு. இரண்டாம் நிலையம் ஒன்று பதினாறுக்கே நின்றுவிட்டது. ஒன்றாம் நிலையம் ஒன்று நான்குக்கு. மூன்றும் ஊமையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. பெரிய திரையோ மூன்று எண்களையும் புன்சிரிப்போடு காட்டிக்கொண்டிருந்தது.

அப்படிக் காட்டும்படி ஏற்பாடு செய்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

மலையில் மூன்று நிலையங்கள். ஆறு பிறக்கும் உச்சிக்கருகே முதலாவது. காட்டின் நடுவே இரண்டாவது. ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாயிலில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நீருக்குள் இறங்கிய ஓர் அளவுக்குழாய், ஒரு சூரியத் தகடு, மேற்கு வானத்தை அண்ணாந்து நோக்கும் ஒரு சிறிய டிஷ். நீரின் அளவு அதிலிருந்து வானேறி, செயற்கைக்கோளைத் தொட்டு, இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் பெரிய டிஷ்ஷில் வந்திறங்கும். முன்பிருந்த கருவி நீண்ட அலையில் பேசியது. மழையை அது பொருட்படுத்தியதில்லை. போன ஆண்டு வந்த புதியது குறுகிய அலையில் பேசுவது. செய்தியை நிறையச் சுமக்கும். ஆனால் அலை குறுகக் குறுக மழைத்துளி அதற்குப் பகையாகிவிடும். வெறும் முகில் என்றால் சிக்னலைச் சற்றுக் கிள்ளிவிட்டுப் போய்விடும். தடித்த துளிகளாய் இறங்கும் பெயலோ அதை உறிஞ்சும், சிதறடிக்கும், அடியோடு விழுங்கும். மழைநாளுக்கென்று வைத்த காவலன் மழை வந்தால் வாய் மூடிக்கொள்வான்.

இருபது நாளைக்கு முன் மூன்றாம் நிலையம் இப்படித்தான் வாய் மூடியது. அன்று திரையில் எண்ணுக்குப் பதிலாக மூன்று கோடுகள் தோன்றின. அவள் பதறிப்போய்க் கீழே ஆற்றில் பாலம் கட்டுமிடத்துக்குப் போன் செய்து, குழியில் இருந்த எல்லோரையும் ஏறச் சொன்னாள். ஏறினார்கள். வெள்ளம் வரவில்லை. மழை பெய்தது நிலையத்துக்கு மேற்கே, பக்கத்துப் பள்ளத்தாக்கில். மூன்றாம் நிலையத்தின் டிஷ் சாய்வாக அந்தப் பக்கம் பார்த்ததால் சிக்னல் மறைந்ததே தவிர, இந்த ஆற்றில் ஒரு சொட்டு விழவில்லை. பாதியில் நின்ற கான்கிரீட் இறுகிக் கல்லாகி, அதை உடைத்தெடுக்கவே ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த அலுவலகத்தின் இஞ்சினியர் சொன்னார், கோடு போட்டுக் காட்டுவது பார்க்கிறவர்களைப் பயமுறுத்துகிறது, புது எண் வரும்வரை பழைய எண்ணே நிற்கட்டும் என்று. அந்தக் குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டவள் அவள். நாணம் மனிதனை எதற்கெல்லாம் சம்மதிக்கவைக்கும் என்பது அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பாலம் கட்டுமிடத்தில் ஃபோர்மேனாக இருப்பவன் அவளுடைய தம்பி.

ஆற்றின் நடுவே இரும்புத் தகடுகளை வரிசையாக இறக்கி அரண் அமைத்து, உள்ளே நீரை இறைத்து வெளியேற்றி, பத்து மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். நடுத்தூணின் அடித்தளத்துக்கு இன்று காலைமுதல் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். குழிக்குள் முப்பத்தொரு பேர், தம்பியையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. ஏறி வர ஒரே ஓர் இரும்பு ஏணி. மூன்றாம் நிலையத்தைக் கடந்த வெள்ளம் அந்த அரணை எட்ட ஐம்பது நிமிடம் ஆகும்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். உச்சியில் ஒரு மணிக்குப் பெருமழை தொடங்கியிருந்தால், அந்த நீர் மூன்றாம் நிலையத்துக்கு ஏறத்தாழ இந்நேரம் வந்திருக்கும். பாலத்துக்கு இரண்டரைக்கு மேல்.

"குடை சார், எந்திரிங்க. மூணும் போயிடுச்சு."

அவர் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியது. "மூணுமா? அப்படின்னா அது மழையா இருக்காது மேடம். மாடில நம்ம பெரிய டிஷ்தான் படுத்திருக்கும். ரெண்டு மாசமா சொல்றேன், அந்தக் கேபிளை எலி கடிக்குதுன்னு. யாரு கேக்கறா?"

"எலின்னா மூணும் ஒரே நேரத்துல போயிருக்கணும்ல?"

"ஆமா."

"பன்னெண்டு நிமிஷம், பதினோரு நிமிஷம்னு இடைவெளி விட்டுப் போயிருக்கு. மேலேர்ந்து கீழ. வரிசையா." அவள் சிக்னல் வலிமையின் பதிவைத் திறந்தாள். சாதாரண நாளில் பன்னிரண்டில் நிற்கும் கோடு காலைமுதல் பதினொன்றில் ஓடியிருந்தது. அது முகிலின் வேலை. ஒரு மணிக்குச் சற்று முன்னால் ஒன்றாம் நிலையத்தின் கோடு நடுங்கத் தொடங்கி, ஒன்பது, ஏழு, ஐந்து என்று படிப்படியாய்ச் சரிந்து அற்றுப்போயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். "பேட்டரி போனா பொட்டுன்னு போகும். இது சாகறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கியிருக்கு பாருங்க."

குடை பக்கத்து ஆற்றின் நிலையத்தைத் தட்டிப் பார்த்தார். அது இதே மாடி டிஷ் வழியாகத்தான் வரவேண்டும். உயிரோடு வந்துகொண்டிருந்தது, கடைசி இலக்கம் தத்திக்கொண்டிருந்தது.

"எலி மேல பழி போட்டது தப்பு" என்றார் தணிந்த குரலில். "ஆனா போன தடவை மாதிரி பக்கத்துப் பள்ளத்தாக்குல பெஞ்சிருந்தா?"

"போன தடவை மூணாவது மட்டும்தானே போச்சு? ஒண்ணாவது டிஷ் மேற்க பாக்குது. அதுக்கு மேற்க என்ன இருக்கு?"

அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். ஒன்றாம் நிலையத்துக்கு மேற்கே காடு. காட்டின் நடுவே இந்த ஆறு. அதன் கரையில் இரண்டாம் நிலையம். மழை அந்த டிஷ்ஷின் பார்வையை மறைத்தது என்றால், ஆற்றின் தலைமேல் நின்று மறைத்திருக்கிறது. பிறகு நீர் ஓடும் திசையிலேயே, நீரோடு கைகோத்துக்கொண்டு அந்த மழைமுகில் இறங்கி வந்திருக்கிறது.

"அடக் கடவுளே" என்றார் குடை.

இஞ்சினியர் தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் முறை அழைத்தபோது எடுத்து, கிசுகிசுத்தார். "என்னம்மா? உள்ள பெரியவங்க இருக்காங்க."

அவள் சொன்னாள். நேரங்களை வரிசையாகச் சொன்னாள். கோடு சரிந்த விதத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நம்பர் எவ்வளவு?"

"நம்பர் இல்ல சார். அதான் வரலையே."

"நம்பர் இல்லாம நான் என்னன்னு உத்தரவு போடறது? மூணாவதுல நாலு மீட்டர் தாண்டினா குழியைக் காலி பண்ணணும்னு விதி. நாலு தாண்டிச்சுன்னு யார் சொல்றா? போன தடவை நான் மேலிடத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன், உனக்குத் தெரியாதா? ஒரு அரை மணி பாரு. பெரிய மழை எங்கயும் ரொம்ப நேரம் நிக்காது. சிக்னல் வந்துடும்."

"அரை மணியில தண்ணியும் வந்துடும் சார்."

"பதட்டப்படாதம்மா" என்றார் அவர். அவருடைய குரலிலேயே பதற்றம் இருந்தது. தொடர்பு அறுந்தது.

மணி இரண்டு அடிக்க நான்கு நிமிடம். சிறுவயதில் மனப்பாடம் செய்த துதியின் முதலடி அவள் நாவில் தானாக எழுந்தது. அடுத்த அடி வரவில்லை. முதலடியே திரும்பத் திரும்ப வந்தது. அவள் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. குழிக்குள் இருப்பான், பம்ப் இரைச்சலில் கேட்டிருக்காது. நின்றது. மறுபடி அழுத்தினாள்.

"என்னக்கா, சாப்பிட்டியா?" என்று கத்தினான் அவன். பின்னால் எந்திரங்கள் உறுமின.

"டேய், நான் சொல்றதைக் கேளு. எல்லாரையும் மேல ஏத்து. மலையில பெரிய மழை."

"இங்க வெயில் மண்டையைப் பொளக்குது."

"மலையிலடா."

"நம்பர் என்ன?"

"மூணு நிலையமும் வரிசையா..."

"அக்கா." அவன் குரல் தாழ்ந்தது, யாருக்கும் கேட்காமல் ஓரமாய் ஒதுங்கியிருக்கிறான் என்று தெரிந்தது. "போன தடவையே இந்த சைட் மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்ன கேட்டான் தெரியுமா? உங்க அக்கா இருக்கிறது ஆபீஸா, இல்ல குறி சொல்ற இடமான்னு கேட்டான். அன்னிக்கு வீட்டுல உங்கிட்ட நான் என்ன சொன்னேன்? போன் பண்ணா நம்பரோட பண்ணு. இல்லேன்னா பண்ணாதன்னு சொன்னேன்ல? இன்னும் ரெண்டு மணி நேர வேலை இருக்கு. இப்ப நிறுத்தினா நாளைக்கு இங்க வேற ஃபோர்மேன் நிப்பான். நீ நம்பரைச் சொல்லு, அடுத்த நிமிஷம் ஏத்திடறேன். என்ன நம்பர்?"

அருகில் குடை நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய திரையில் இரண்டு பதினான்கு ஒளிர்ந்தது. இந்தப் பதினாறு ஆண்டில் கருவி தராத ஓர் இலக்கத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. பார்க்கத் தவறிய நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதியவள்.

"நாலு அறுபது" என்றாள்.

"எவ்வளவு?"

"நாலு மீட்டர் அறுபது. மூணாம் நிலையம். இப்பதான் வந்துச்சு."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? பெரிய பீடிகை போடறே!" அவன் திரும்பி யாரையோ அதட்டுவது கேட்டது. "டேய், போட்டது போட்டபடி விடுங்கடா! ஏறு, ஏறு, ஏணிக்கு வா! தள்ளாத, ஒவ்வொருத்தனா!" பிறகு தொடர்பு அறுந்தது.

அவள் போனை மேசைமேல் வைத்தாள்.

"மேடம்" என்றார் குடை மெல்ல, "நாலு அறுபது எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் வாயிலேர்ந்து."

அவர் குடையை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார். செய்வதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை.

எண்ணைச் சொல்லும்போது அவள் யோசிக்கவில்லை; ஆயினும் அந்த எண் யோசித்தாற்போல்தான் வந்திருந்தது. நாலைத் தாண்டவேண்டும், நம்பும்படி இருக்கவேண்டும், மிகையாகத் தோன்றக்கூடாது. அளந்து அளந்தே பழகியவளுக்குப் பொய்யிலும் ஒரு சிக்கனம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் வராவிட்டால்? தம்பி வேலையிழப்பான். அதைவிட, தன் அக்கா தன்னிடம் எண்ணைக் கட்டிச் சொன்னாள் என்று அறிவான். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எப்படி முகம் பார்ப்பது? வெள்ளம் வந்துவிட வேண்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டுகிறோமே என்று அவள் திடுக்கிட்டாள்.

இரண்டு பதினெட்டுக்கு அவனே அழைத்தான்.

"எல்லாரும் மேடைக்கு வந்தாச்சு. எண்ணிட்டேன், முப்பத்தொண்ணும் இருக்கு."

"மேடைக்கா?"

"ஆமா, வேலை மேடை. மேனேஜருக்குக் கூட சந்தோஷம். நாலு அறுபதுன்னா மேடை நனையாதே, அஞ்சு தாண்டினாத்தானே. அதனால இங்கேர்ந்தே குழாய் விட்டுக் குழிக்குள்ள ஊத்திக்கிட்டு இருக்கோம். வேலையும் நிக்கல, ஆளும் பத்திரம். நல்ல நேரத்துல சொன்னேக்கா." அவன் சிரித்தான். "ராத்திரி உனக்கு ஒரு ஐஸ்கிரீம்."

போனை வைத்துவிட்டான்.

வேலை மேடை என்பது அரணை ஒட்டி, ஆற்றுக்கு நடுவிலேயே, இரும்புக் கால்கள்மேல் நிற்பது. அதிலிருந்து கரைச்சாலைக்கு வர நீளமான ஒரு பலகை நடைபாதைதான் வழி. நான்கு தாண்டினால் குழி காலியாக வேண்டும். ஐந்து தாண்டினால் மேடையும் காலியாக வேண்டும். அந்த அட்டவணை அவளுக்கும் தலைகீழ்ப் பாடம். குழியிலிருந்து அவர்களை ஏற்றுவது ஒன்றையே நினைத்தவள், ஏறி எங்கே நிற்பார்கள் என்பதை நினைக்கவில்லை. அவன் அவள் சொன்னதை நம்பினான். நம்பியதோடு நிற்காமல், அறுபது என்றால் அறுபதுதான் என்று விரற்கடைவரை நம்பி அதன்மேல் முப்பத்தொரு பேரை நிறுத்திவைத்திருக்கிறான்.

"கூப்பிட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார் குடை. "கரைக்குப் போகச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? இப்ப அஞ்சு இருபதுன்னா? இல்ல, முதல்ல சொன்னது பொய்னா? பொய்னு சொன்னா மறுபடி குழிக்குள்ள இறங்கிட்டா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் எதற்கு வழிவிடும் என்று அவளால் துணிய முடியவில்லை. இரண்டு இருபத்திரண்டு. இருபத்தைந்து. மொட்டைமாடியில் காற்று மாறிக் கதவொன்று அடித்துக்கொண்டது. மழைவாசனை உள்ளே வந்தது. போனை எடுத்தாள், வைத்தாள். உள்பக்கத்தில் மூன்றாம் நிலையத்தின் கோடு தரையில் படுத்திருந்தது.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அது துடித்தது.

சிக்னல் வலிமை இரண்டு என்று எழுந்து விழுந்தது. மூன்றரை. நான்கு. மழை வாயிலைக் கடந்துவிட்டிருந்தது. துளிகளுக்கிடையே சிக்னல் ஊர்ந்து வந்தது. ஐந்து. ஆறு. சுவரிலிருந்த பெரிய திரையில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றிருந்த இரண்டு பதினான்கு மறைந்தது.

ஐந்து முப்பத்தெட்டு.

எண் மாறியது. ஐந்து நாற்பத்தொன்று.

அவள் அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி. "நீங்கள் அழைக்கும் எண்..." என்று ஒரு பெண்குரல் இனிமையாகத் தொடங்கியது. மறுபடி. வெள்ளத்தின் முகப்பு மூன்றாம் நிலையத்தைக் கடந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது; சிக்னல் இல்லாத இருட்டில் அது எப்போதோ கடந்திருக்கிறது. பத்து நிமிடம் மீதி இருக்கலாம். ஒன்றுமே மீதி இல்லாமலும் இருக்கலாம். குடை தன் போனில் மேனேஜரை அழைத்தார். அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி. நாவில் அந்தத் துதியின் முதலடியும் இப்போது இல்லை.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"கரைக்குப் போ. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே கரைச்சாலைக்குப் போ."

"ஏன், ஏறுதா? நாலு அறுபதுதானே சொன்னே? இன்னும் கால் மணி நேரம் ஊத்தினா..."

"அது நான் சொன்ன பொய்டா."

எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"என்னது?"

"நம்பரே வரல. நீ நம்பர் கேட்டே, நான் கட்டிச் சொன்னேன். இப்பதான் வந்திருக்கு. அஞ்சு நாப்பத்தொண்ணு. மேடைக்கு மேல வரும். ஓடு!"

அவன் அவளைத் திட்டவில்லை. போனை வாயிலிருந்து எடுத்துவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது. தொலைவில் அவன் குரல், பிறகு பம்ப் நின்ற திடீர் அமைதி. அந்த அமைதிக்குள் பலகைமேல் ஓடும் பூட்ஸ் ஒலி வந்தது. யாரோ குழாயை விடமாட்டேன் என்று வாதிட்டான். "விடுடா, உன் தலை பெரிசா குழாய் பெரிசா!" என்று தம்பி கத்தினான். மறுபடி பூட்ஸ் ஒலி, நிற்காமல், நெருக்கியடித்துக்கொண்டு. போன் அவன் சட்டைப்பையில் உரசி உரசிக் கரகரத்தது. அவள் ஒரு காதில் அதை அழுத்திக்கொண்டு கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் நின்றாள். ஐந்து நாற்பத்தேழு.

பிறகு வேறோர் ஒலி எழுந்தது. தொடக்கத்தில் அதை அவள் சிக்னலின் இரைச்சல் என்று நினைத்தாள். அது வளர்ந்தது. இரும்பு எங்கோ கிறீச்சிட்டது. பல குரல்கள் ஒரே நேரத்தில் கூவின. அதன்பின் எந்தக் குரலையும் பிரித்தறிய முடியாதபடி நீரின் ஓசை அனைத்தையும் மூடிக்கொண்டது.

"டேய்" என்றாள். "டேய், இருக்கியா?"

அவளுக்குப் பின்னால் குடை நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து, அது உண்மையில் ஒன்றரை நிமிடம்தான் என்று கடிகாரம் காட்டியது, அவன் எண்ணுவது கேட்டது. மூச்சிரைக்க எண்ணினான். இருபத்தேழு, இருபத்தெட்டு. நிறுத்தினான். "ஒல்லியன் எங்கடா? ஒல்லியா!" என்று கத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இங்க இருக்கேண்ணே, வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் அழமாட்டாக் குறையாகச் சொன்னது. இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

அவன் போனைக் காதுக்குக் கொண்டுவந்தான்.

"மேடை போச்சு" என்றான்.

"நீ எங்க நிக்கறே?"

"சாலையில. கரைச்சாலையில. எல்லாரும் இங்கதான்." நீர் ஒலித்துக்கொண்டிருந்தது, இன்னும் அருகில் வந்தாற்போல். "அக்கா, கடைசியா ஒரு நம்பர் சொன்னியே. அதுவாவது நிஜமா?"

அவள் திரையைப் பார்த்தாள். கடைசி இலக்கம் தத்தியது. இந்த முறை ஒரே பக்கமாக.

"நிஜம். ஆனா அது பழசு. இப்ப அஞ்சு அறுபத்து மூணு. இன்னும் ஏறுது."

அவன் முகத்தைத் திருப்பி ஆட்களைப் பார்த்துக் கத்துவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "உக்காராதீங்கடா! எந்திரி, எந்திரி. அந்த மேட்டுக்கு ஏறுங்க, எல்லாரும்!"